டிரைவரின் தொடையெலும்பு

ஜாடியில் இருந்த ஃபார்மலின் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

குறைவதற்கு வழியே இல்லை. மூடியைத் திருகி, அதன்மேல் மெழுகை உருக்கி ஊற்றி, மெழுகு ஆறும் முன்னே தன் கட்டைவிரலை அழுத்தி ரேகை பதித்தவரே அவர்தான். மெழுகு அப்படியே இருந்தது, ரேகையும் இருந்தது, ஜாடியில் கீறல் இல்லை, பலகையில் ஈரம் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில், நடுப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் சொந்தக் கை கண்ணுக்குத் தெரியும் அந்த அறையில், மூக்கைக் கரிக்கும் நெடியோடு வரிசையாக நின்ற மற்ற ஜாடிகளில் எல்லாம் திரவம் கழுத்து வரை இருந்தது. முழங்கால்களும் தோள்பட்டைகளும் விலா எலும்புகளும் யாருக்கும் தொந்தரவு தராமல் முங்கிக் கிடந்தன. டிரைவரின் ஜாடியில் மட்டும், யாரோ ஒரு வாய் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அவர் ஊற்றி நிரப்பினார். மறுபடி மெழுகு உருக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் வந்து எட்டிப் பார்ப்பவள் மச்சினியாக இருப்பாள். எட்டிப் பார்த்த கையோடு காரணமும் சொல்லிவிடுவாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் தராசு. எலும்பில் புற்று வந்தவர்களுக்கு முதலில் சில வாரம் மருந்து ஏற்றுவார்கள். அப்புறம் அறுவை டாக்டர், கையில் எந்நேரமும் ரம்பமும் சுத்தியலுமாக இருப்பதால் ‘தச்சர்’ என்று பெயர் வாங்கியவர், நோய் பிடித்த எலும்பை அளந்து வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத் தண்டைச் செருகுவார். வெட்டிய எலும்பு கீழ்த்தளத்தில் இருந்த தராசின் லேபுக்கு வரும். தராசு அதை நெட்டுவாக்கில் பிளந்து, ஒரு பாதியைப் பலகை பலகையாக அறுத்து, பலகைகளைச் சின்னச் சதுரங்களாக்கி, அமிலத்தில் ஊறப்போட்டு, எலும்பு ரப்பர் போல ஆனதும் மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். புற்றில் எத்தனை பங்கு மருந்துக்குச் செத்திருக்கிறது, எத்தனை பங்கு சாகாமல் முறைத்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்திருந்தால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். குறைந்தால் சந்தேகம். சாவு அதிகம் என்று கேட்டதும் கை தட்டி டீ வாங்கிக் குடிக்கிற இடத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு தச்சர் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்பார். தராசு கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். மாட்டுவார். அதுவரைக்கும் ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். பிறகு, “இருப்பார்” என்பார், அல்லது “ரெண்டு வருஷம் தாண்டாது” என்பார். கண்ணாடியைத் துடைக்கிற அந்த நேரத்துக்காகவே அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அப்புறம் மச்சினி அதே லேபுக்கு வேலைக்கு வந்தாள்.

மனைவியின் தங்கை. அதே படிப்பு. கூடவே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கொண்டுவந்திருந்தாள். மைக்ரோஸ்கோப் படங்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அதற்குத் தின்னக் கொடுத்தால், திரையில் ஆள் பிழைக்கும் வாய்ப்பைக் காட்டும் ஒரு கோடு படிப்படியாகக் கீழே இறங்கும். இறங்குகிற வேகத்தைப் பார்த்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, “இவங்க இருப்பாங்க அத்தான்” என்பாள். இருந்தார்கள். “இவர் கஷ்டம்” என்பாள். போனார்கள். கொஞ்ச காலத்தில், கூட்டத்தில் தச்சரின் கழுத்து அவள் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டது. தராசு கழற்றிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்வை மங்க உட்கார்ந்திருந்தார்.

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அவர் அதை அறிவியல் ஐயம் என்றார். அந்த அறிவியல் ஐயம் அவருக்கு நெஞ்செரிச்சல் தந்தது, தூக்கத்தில் பல்லைக் கடிக்க வைத்தது, வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழ வைத்தது.

“என் தங்கச்சி ஒண்ணு சொன்னா அச்சு அசலா நடக்குதுங்க” என்பாள் மனைவி.

“ம்.”

“உங்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டரைச் சொல்லிக் குடுக்கச் சொல்லவா? கூச்சப்படாதீங்க. அவ நம்ம வீட்டுப் பொண்ணுதானே.”

இந்தக் காலத்தில்தான் பஸ் டிரைவரின் எலும்பு வந்தது. வலது தொடை, முழங்காலுக்குச் சற்று மேலே. அறுக்கும்போது ரம்பம் வழுக்கி நடுப்பலகை பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. எவருக்கும் நடக்கக்கூடியதுதான், வெளியே சொல்லிவிட்டு, பிளந்த மறுபாதியில் இருந்து இன்னொரு பலகை அறுத்திருக்கலாம். மச்சினி பக்கத்து மேஜையில் இருந்தாள். தராசு பொடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய ஓரத் துண்டுகளை மட்டும் பார்த்தார்.

கூட்டத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “பாதிகூடச் சாகலை. ரெண்டு வருஷம் தாண்டாது.”

“அத்தான், சதுரம் எல்லாம் ஓரத்துல இருந்தே எடுத்திருக்கே” என்றாள் மச்சினி. “ஓரத்துல எப்பவும் கொஞ்சம் உசுரு ஒட்டிட்டிருக்கும். நடுப்பலகை எங்க?”

“நடுவும் பாத்தாச்சு.”

“அந்த மிச்சப் பாதியை நான் ஒரு தடவை அறுத்துப் பாக்கட்டுமா?”

“தேவையில்லை.”

அவள் தோளைக் குலுக்கினாள். “என் கணக்குல இவர் இருப்பார் அத்தான். வேணா பாருங்க.”

மிச்சப் பாதியை அவர் ஜாடியில் போட்டு, மெழுகு ஊற்றி, ரேகை வைத்தது அன்றைக்குத்தான்.

டிரைவர் சில மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சு ஸ்கேனுக்கு வருவார். இந்தப் புற்று திரும்ப வந்தால் முதலில் நுரையீரலில்தான் குடியேறும். ஸ்கேன் சுத்தமாக வந்ததும், மற்றவர்களைப் போல வீட்டைப் பார்த்து ஓடாமல், பிஸ்கட் பொட்டலத்தோடு நேரே லேபுக்கு வந்து நிற்பார்.

“சார், நம்ம ஆள் எப்படி இருக்கான்?”

“யாரு?”

“என் எலும்பு சார். இத்தனை வருஷம் பிரேக் மிதிச்சதெல்லாம் அவன்தானே. விசாரிக்காம போனா நல்லா இருக்காது.”

“அண்ணே, நீங்க எப்படி இருக்கீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல” என்பாள் மச்சினி.

“எனக்கென்ன டாக்டரம்மா. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட வேண்டியிருக்கு. வீட்டுக்காரி குண்டாங்கிறா.”

இருவரும் சிரிப்பார்கள். தராசும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே டிரைவரின் கழுத்தை, கண்ணின் வெண்மையை, மூச்சு வாங்குகிறதா என்பதைப் பார்ப்பார். அந்த மனிதர்மேல் அவருக்குக் கோபம் துளிகூட இல்லை. அவர் செத்தால் மட்டும் போதும்.

ஒவ்வொரு தடவை டிரைவர் வந்துபோன பிறகும் ஜாடியில் திரவம் குறைந்தது. முதலில் விரற்கடை, அப்புறம் நான்கு விரல், அப்புறம் பாதி ஜாடி. தராசு நிரப்பிக்கொண்டே இருந்தார். நிரப்பும்போது, திரவம் திரவத்தில் விழும் சத்தத்துக்கு அடியில், ரொம்பத் தாகமாக இருந்தவர் தொண்டையில் கேட்கிற மாதிரி ஒரு ‘களுக்’ கேட்டது. குழாயாக இருக்கும் என்று நினைத்தார். அந்த அறையில் குழாய் கிடையாது.

ஒரு மத்தியானம் மெழுகை உடைத்து, இடுக்கியால் எலும்பை வெளியே எடுத்தார். கனத்தது. பிளந்த முகம் தட்டையாக இருந்திருக்க வேண்டும். தட்டையாக இல்லை. அறுத்துக் காலியாகிவிட்ட மறுபாதியின் இடத்தில், ஈரமாக, மங்கிய ரோஜா நிறத்தில், புதுச் சதை உருண்டு திரண்டிருந்தது. விரலால் தொட்டார். கையுறைக்கு உள்ளே விரல் நுனி வெதுவெதுத்தது.

ஒரு துணுக்கைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். ஃபார்மலினில் மூழ்கிக் கிடந்தது உயிரோடு இருக்காது. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. லென்ஸுக்குக் கீழே அவை உயிரோடு இருந்தன. பிரிந்துகொண்டிருந்தன. ஒன்று இரண்டாகி, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, திருவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு. செத்தது ஒன்றுகூட இல்லை.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட, நாற்காலியில் சாய்ந்து, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார்.

கூட்டத்தில் காட்டலாம் என்று தோன்றியது. காட்டினால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. மச்சினி கண்ணை விரித்து, “அத்தான், இது பெரிய விஷயம்!” என்பாள். படம் எடுப்பாள், தன் புரோகிராமுக்கு ஊட்டுவாள், உலகம் முழுக்க அவள் பெயர் போகும், இவர் பெயர் நன்றி சொல்கிற இடத்தில் பொடி எழுத்தில் வரும். காட்டவில்லை. எலும்பைத் திரும்ப ஜாடியில் இறக்கி, கழுத்து வரை நிரப்பி, அது குடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் தினமும் போனார்.

யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. டிரைவர் கொழுக்கிறார், இதுவும் கொழுக்கிறது. டிரைவரின் நெஞ்சில் இருக்க வேண்டியது வழி தவறி இந்த ஜாடியில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. தன் கணக்கில் தப்பே இல்லை. விலாசம்தான் மாறிவிட்டது. சொந்தக்காரனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது குற்றமா என்ன? தான் யாரையும் சாகச் சொல்லவில்லை என்று அவர் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார்.

இரண்டு வருஷம் முடியப்போகிற சமயம், ஒரு மழைச் சாயங்காலம் டிரைவர் வந்தார். நெஞ்சு சுத்தம். மச்சினி ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள்.

“நம்ம ஆள் எப்படி சார் இருக்கான்?”

“வாங்க” என்றார் தராசு. “இன்னிக்கு நேர்லயே பாத்துடலாம்.”

ஜாடிகள் இருந்த அறைக்குள் கூட்டிப்போனார். ஸ்டூலில் உட்காரவைத்தார். மெழுகை முன்னாலேயே உடைத்து வைத்திருந்தார். ஜாடியைத் தூக்கி டிரைவரின் மடியில் வைத்தார், அவ்வளவு கனம். மூடியைக் கழற்றினார். நெடி எழவில்லை. காய்ச்சல் கண்ட உடம்பின் வாடை எழுந்தது.

“அடேயப்பா” என்றார் டிரைவர். “என்ன சார் இப்படி வளந்துட்டான்.”

“தொட்டுப் பாருங்க.”

“கடிச்சிற மாட்டானே?” டிரைவர் சிரித்துக்கொண்டே குனிந்தார்.

உள்ளே அது அசைந்தது.

சிரிப்பு நின்றது. விளக்குக் குழல் ரீங்கரித்தது. வெளியே மழை. டிரைவர் வெகுநேரம் ஜாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை தூக்கித் தராசைப் பார்த்தார். பஸ்ஸை எடுக்கும் முன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பாரே, அப்படி.

“இது என்னோடது இல்ல சார்.”

“உங்களோடதுதான். உங்க கால்ல இருந்து வந்தது.”

“வந்தது என்கிட்ட இருந்துதான். ஆனா பாருங்க, உங்க பக்கமே திரும்புது.”

திரும்பியது. தராசு வலது பக்கம் ஒதுங்கினார். வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம். இடது பக்கம்.

“நேத்து வரைக்கும் ஊட்டி வளத்தது நீங்க” என்றார் டிரைவர். ஜாடியைத் தூக்கித் தராசின் கைகளில் வைத்தார். “நீங்களே வச்சுக்கங்க சார். எனக்கு வேணாம்.”

போனார். வராந்தாவில் காலடி கேட்டது. ஒரே சீராக. நொண்டல் இல்லாமல்.

விளக்கு அணைந்தது.

மழைச் சத்தம். மூச்சுச் சத்தம். அவருடைய மூச்சு. அப்புறம் இன்னொன்று.

ஜாடி லேசானது. கையிலேயே லேசானது. கொஞ்சம் கொஞ்சமாக. யாரோ எழுந்து இறங்குகிற மாதிரி.

வலது தொடையில் ஈரம். வெதுவெதுப்பாக.

விளக்கு வந்தபோது ஜாடி காலி. கண்ணாடி உலர்ந்திருந்தது. கால்சட்டையிலும் ஈரம் இல்லை.

டிரைவரின் இரண்டு வருஷம் முடிந்தது. கூட்டத்தில் மச்சினிக்குக் கை தட்டினார்கள். தராசும் தட்டினார். அப்போதே கால் வலித்துக்கொண்டிருந்தது.

முழங்காலுக்குச் சற்று மேலே. வெளியே சொல்லவில்லை. மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“என்னங்க, காலை இழுத்து இழுத்து நடக்குறீங்க?”

“நாற்காலியில இடிச்சுக்கிட்டேன்.”

“இடிச்ச இடம் இப்படியா கொதிக்கும்?”

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. படம் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது. தச்சர் அளந்து வெட்டினார், உலோகத் தண்டைச் செருகினார். எலும்பு கீழ்த்தளத்துக்குப் போனது. இந்தத் தடவை ரம்பத்தைப் பிடித்தவள் மச்சினி.

சக்கர நாற்காலியில் கூட்டத்துக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்தார். தச்சர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். தராசு கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். ஒருவரும் மூச்சு விடவில்லை. எத்தனை நாளாயிற்று.

“ரெண்டு வருஷம் தாண்டாது” என்றார்.

மச்சினிக்குக் கண் கலங்கியிருந்தது. “இல்ல அத்தான். நடு, ஓரம், மிச்சப் பாதி, ஒண்ணு விடாம நானே அறுத்துப் பாத்துட்டேன். தூங்கவே இல்லை. எல்லாம் செத்துடுச்சு அத்தான். உசுரோட ஒண்ணுகூட இல்லை. நீங்க இருப்பீங்க. ரொம்ப வருஷம் இருப்பீங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். தச்சர் எழுந்து நின்று தட்டினார். வாசலில் காத்திருந்த மனைவி உள்ளே ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ டீ சொன்னார்கள்.

தராசு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னால் அச்சு அசலாக நடக்கும். காலையில் எழுந்து அவர் பல் தேய்த்தால் அவள் சொன்னது சரி. பேப்பர் படித்தால் சரி. கிழவனாகிப் பல் விழுந்து, பேர் மறந்து உட்கார்ந்திருந்தாலும், அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சும் அவளுக்கு ஒரு மார்க். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மனைவி அதைச் சொல்லுவாள்.

மாதங்கள் போயின. ஊன்றுகோலோடு நடந்தார். உடம்பு தேறியது. பெல்ட்டு இறுகியது. நெஞ்சுப் படம் எடுக்க வந்த அன்று, மச்சினி அதைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, படம் பார்க்கும் இருட்டறைக்கு அவரைக் கூட்டிப்போனாள். வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். விலா எலும்புகளின் வெள்ளை வரிகள், நடுவில் இதயத்தின் சாம்பல் மூட்டை, இரண்டு பக்கமும் கறுப்பாக, ஆழமாக, காற்று நிறைந்த நுரையீரல்.

“பாருங்க அத்தான். துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“ம்.”

“அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். பாவம், வெளிய உக்காந்து நகத்தைக் கடிச்சிட்டிருக்கா.”

“நீ போ. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன்.”

கதவு சாத்திக்கொண்டது. இருட்டு. பெட்டியின் வெளிச்சம் மட்டும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே மனைவி “அப்பாடா” என்று சத்தமாகச் சொல்வதும், அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.

முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். மூச்சு படத்தில் பட்டுப் படிந்தது. கறுப்பு. ஒரு புள்ளி இல்லை. மாட்டியாகிவிட்ட படம் மாறாது. அவருக்குத் தெரியும். ஆயிரம் படம் பார்த்தவர்.

“வா” என்றார், உதடு மட்டும் அசைய.

ஒன்றும் இல்லை.

“வா. நான்தானே கூப்பிடறேன்.”

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

படத்தில், வலது பக்கம், அடியில், ஒரு வெள்ளைப் புள்ளி. முன்னால் இல்லாதது. கடுகளவு.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பக்கத்தில் ஒன்று. மேலே ஒன்று. அந்தி சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு விளக்குப் போடுவார்களே, அப்படி. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாமல்.

“அத்தான்!” கதவுக்கு வெளியே மச்சினி. “டீ ஆறுது, வாங்க!”

வலது பக்கம் முழுக்க விளக்கு. இடது பக்கம் இன்னும் இருட்டாக இருந்தது. அவர் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புகிறவர் போல, மெதுவாக உதட்டைக் குவித்தார்.